பழைய காருக்குப் புகைக்குழாய் செய்ய என்ன செலவாகும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அம்பாசிடர், பிரீமியர் பத்மினி, ஸ்டாண்டர்ட் ஹெரால்டு போன்ற பழைய கார்களை இன்றும் சாலையில் ஓட்டி வருபவர்களுக்காக இந்தப் பக்கம் எழுதப்பட்டுள்ளது. துருப்பிடித்து ஓட்டை விழுந்த புகைக்குழாயைக் கழற்றிவிட்டுப் புதிதாக ஒன்றைச் செய்து பொருத்த வேண்டியிருக்கும்போது, ஒரு பட்டறை சொல்லும் தொகைக்கும் மற்றொரு பட்டறை சொல்லும் தொகைக்கும் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வேறுபாடு இருப்பதைக் கண்டு உரிமையாளர்கள் குழம்பிப்போகிறார்கள். அந்த வேறுபாடு எங்கிருந்து வருகிறது, எதற்குக் கொடுக்கும் பணம் வீண்போகாது, எதை முன்கூட்டியே கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும் என்பவற்றையே இங்கே விளக்குகிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், மொத்தம் எவ்வளவு ஆகும்?

ஒரே தொகையாகச் சொன்னால் அது உங்களுக்குப் பயன்படாது. ஆனால் கணக்குப் போடும் முறையைத் தெரிந்துகொண்டால் எந்தப் பட்டறை சொல்லும் தொகையையும் நீங்களே எடைபோட்டுவிடலாம். அம்பாசிடர் அளவுள்ள ஒரு காருக்கு, மேனிஃபோல்டுக்குக் (இன்ஜினின் சிலிண்டர்களிலிருந்து வரும் புகையைத் திரட்டும் வார்ப்புக்குக்) கீழிருந்து வால்குழாய் வரை ஒற்றைக் குழாய் செய்வதாக வைத்துக்கொள்வோம். கீழே வரும் விலைகள் கணக்கின் போக்கைக் காட்டுவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை அந்தந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எடைகள் மட்டும் அளவிலிருந்து கணக்கிட்டவை.

38 மி.மீ. வெளிவிட்டமும் 1.5 மி.மீ. சுவர்த் தடிமனும் கொண்ட எஸ்.எஸ். (துருப்பிடிக்காத எஃகு) குழாய் மீட்டருக்கு ஏறக்குறைய 1.37 கிலோ எடையிருக்கும். 4 மீட்டர் எடுத்தால் 5.5 கிலோ. கிலோ 350 ரூபாய் என்றால் குழாய்க்கு 1,925 ரூபாய். ஐந்து பெண்டுகள் (வளைவுகள்), ஒன்று 400 ரூபாய் வீதம் 2,000 ரூபாய். சைலன்சர் பெட்டி 4,000 ரூபாய். ஃபிளாஞ்ச் (போல்ட் போட்டு இணைக்கும் தகடு), கேஸ்கெட் (இணைப்பில் கசிவைத் தடுக்கும் அடைப்பு), கிளாம்ப், தொங்கு ரப்பர் எல்லாம் சேர்த்து 1,500 ரூபாய். ஆர்கான் வாயு, வெல்டிங் கம்பி, கிரைண்டிங் தட்டு ஆகியவற்றுக்கு 1,200 ரூபாய். ஒரு வெல்டரும் ஓர் உதவியாளரும் இரண்டு நாள் வேலை செய்தால், நாளொன்றுக்கு முறையே 1,500 ரூபாயும் 800 ரூபாயும் என்ற கணக்கில் 4,600 ரூபாய். பட்டறையின் இடம், மின்சாரம் ஆகியவற்றுக்கு 2,000 ரூபாய். கூட்டினால் 17,225 ரூபாய். 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. சேர்ந்தால் 20,325 ரூபாயை ஒட்டி வருகிறது.

இந்தக் கணக்கில் கவனிக்க வேண்டியது இதுதான்: குழாயின் விலை, வரிக்கு முந்தைய மொத்தத்தில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்கு. ஆள்கூலி, பட்டறைச் செலவு, வெல்டிங் பொருள்கள் மூன்றும் சேர்ந்து பாதியை நெருங்குகின்றன. ஆகவே எங்கே பணத்தை மிச்சப்படுத்தலாம் என்று தேடும்போது முதலில் இரும்பின் விலையைப் பேரம் பேசுவது பயனற்ற வேலை. பட்டறையில் உங்கள் கார் நிற்கும் நேரத்தைக் குறைப்பதற்கு நீங்கள் என்ன செய்ய முடியும் என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

அப்படியானால் நேரத்தைக் குறைக்க உரிமையாளர் என்ன செய்யலாம்?

பழைய குழாயைத் தூக்கிப் போடாதீர்கள். எவ்வளவு துருப்பிடித்திருந்தாலும், மூன்று துண்டாக உடைந்திருந்தாலும், அதுதான் வேலைக்கான அச்சு. பின்அச்சுக்கு மேலே வளையும் இடமும், சேசிஸ் (அடிச்சட்டம்) கம்பியைத் தாண்டும் இடமும், தரையிலிருந்து இருக்க வேண்டிய உயரமும் அந்த இரும்பிலேயே பதிந்திருக்கின்றன. அதை எடைக்குப் போட்டுவிட்டு வெறும் காரைக் கொண்டுபோய் நிறுத்தினால், வெல்டர் காரின் அடியில் படுத்துக்கொண்டு ஒவ்வொரு வளைவையும் கம்பி வளைத்து அளந்து பார்க்க வேண்டியிருக்கும். அந்த நேரத்துக்கும் நீங்கள்தான் பணம் கொடுக்கிறீர்கள்.

கழற்றுவதற்கு முன்பே, குழாய் காரில் தொங்கும் நிலையிலேயே, நான்கு பக்கமிருந்தும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தொங்கு பிடியும் எந்த இடத்தில் இருக்கிறது என்பதைச் சுண்ணக்கட்டியால் குறித்துவிடுங்கள். உடைந்த துண்டுகளை ஒரு பலகையின் மேல் அவற்றின் இயல்பான வரிசையில் வைத்துப் பிணைத்துக் கொண்டுபோங்கள். கூடவே, பல ஆண்டுகளாக இறுகிப்போன நட்டுகளில் துருநீக்கும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் முன்னதாகவே ஊற்றி வைத்துவிட்டால், பட்டறையில் வாயுச் சூட்டில் அவற்றைப் பழுக்கக் காய்ச்சி எடுக்கும் வேலை குறையும்.

ஒரே அளவுக் குழாய்க்கு இரண்டு பட்டறைகள் இவ்வளவு வேறுபட்ட தொகை சொல்வது ஏன்?

பெரும்பாலும் வளைக்கும் முறையில்தான் அந்த வேறுபாடு ஒளிந்திருக்கிறது. நேர்க்குழாயை யாரும் வெட்டிவிடலாம். வளைவுதான் கைத்திறனையும் இயந்திரத்தையும் கேட்கிறது. உள்ளே தாங்குகோல் செலுத்தி வளைக்கும் மாண்ட்ரல் இயந்திரத்தில் வளைத்தால், வளைவிலும் குழாயின் உள்விட்டம் குறையாது. சாதாரண ஹைட்ராலிக் பிரஸ்ஸில் வளைத்தால் உள்வளைவில் குழாய் நசுங்கி, வட்டமாக இருக்க வேண்டிய குறுக்குவெட்டு முட்டை வடிவமாகிவிடும். இது மலிவானது, நம் பழைய கார்களில் தொழிற்சாலையிலிருந்தே வந்த பல குழாய்களும் இப்படித்தான் வளைக்கப்பட்டிருக்கின்றன என்பதால், ஒன்றிரண்டு மென்மையான வளைவுகளுக்கு இதை ஒதுக்கித் தள்ள வேண்டியதில்லை.

மூன்றாவது முறை, கைவேலையில் தேர்ந்த மூத்தவர்கள் செய்வது. குழாயின் ஒரு முனையை மரக்கட்டையால் அடைத்து, நன்றாக வறுத்த மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, மறுமுனையையும் அடைத்து, வளைய வேண்டிய இடத்தை மட்டும் வாயுச் சுடரில் செக்கச் சிவக்கக் காய்ச்சி மெல்ல வளைப்பார்கள். மணல் உள்ளிருந்து தாங்குவதால் குழாய் நசுங்குவதில்லை. மணலில் துளி ஈரம் இருந்தாலும் நீராவி உண்டாகி அடைப்பு தெறித்துவிடும் என்பதால், அவர்கள் மணலை வறுப்பதற்கே நேரம் எடுத்துக்கொள்வார்கள். அந்த நேரத்துக்குக் கூலி கொடுப்பதில் நான் ஒருபோதும் தயங்கமாட்டேன். வளைத்து முடிந்ததும் மணல் முழுவதும் கொட்டப்பட்டுவிட்டதா என்பதை மட்டும் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

எஸ்.எஸ். குழாயாக இருந்தால் இன்னொரு வழியும் உண்டு. பால் பண்ணைகளுக்கும் மருந்துத் தொழிற்சாலைகளுக்கும் குழாய் அமைப்பதற்காகச் செய்யப்படும் வளைவுத் துண்டுகள் 38 மி.மீ., 51 மி.மீ. வெளிவிட்டங்களில், சீரான வட்டத்துடன், கடைகளில் ஆயத்தமாகக் கிடைக்கின்றன. அவற்றை வாங்கி வேண்டிய கோணத்துக்கு வெட்டி இணைத்தால் மாண்ட்ரல் வளைவின் தரம் கிடைத்துவிடும். ஆனால் ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு வெல்டிங் இணைப்புகள் கூடுகின்றன என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஆயத்தமாகவே வாங்கிப் பொருத்த முடியாதா?

முடியும் என்றால் அதையே செய்யுங்கள். அம்பாசிடர் 2014 வரை தயாரிக்கப்பட்டதால், அதற்கான சைலன்சரும் குழாய்களும் சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலை போன்ற உதிரிப்பாகச் சந்தைகளில் இன்றும் தேடினால் கிடைக்கக்கூடியவை. பத்மினிக்கும் ஓரளவு அப்படியே. ஆயத்தப் பொருளின் தகடு மெல்லியதாக இருந்தாலும், அதன் விலையையும் தனியாகச் செய்யும் செலவையும் ஒப்பிட்டால், அன்றாடம் ஓட்டும் காருக்கு ஆயத்தப் பொருளே போதும்.

ஹெரால்டின் நிலை வேறு. சென்னையில் ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் நிறுவனம் தயாரித்த இந்தக் காரின் மூலம் பிரிட்டனின் டிரையம்ஃப் ஹெரால்டு என்பதால், அங்குள்ள விற்பனையாளர்களிடம் புகைக்குழாய் இன்றும் கிடைக்கிறது. ஆனால் நான்கு கதவுள்ள மார்க் 3 இந்தியாவில் மட்டுமே தயாரிக்கப்பட்ட வடிவம். வெளிநாட்டுக் குழாய் அதற்கு அப்படியே பொருந்தும் என்று நம்பி, நீளமான பொதிக்குரிய அஞ்சல் கட்டணமும் சுங்க வரியும் கட்டி வரவழைப்பதற்கு முன், உங்கள் பழைய குழாயின் அளவுகளை அனுப்பிச் சரிபார்த்துவிடுங்கள். இத்தகைய கார்களுக்குத்தான் உள்ளூரில் செய்துகொள்வது உண்மையிலேயே சிக்கனமாக முடிகிறது.

எந்த உலோகத்தில் செய்வது நல்லது?

சாதாரண எம்.எஸ். (மென்னெஃகு) குழாயில் செய்தால் மேலே போட்ட கணக்கில் குழாய்க்கான செலவு, கிலோ 90 ரூபாய் என்று வைத்தால், 490 ரூபாயை ஒட்டி வரும். அதாவது 17,225 ரூபாயில் மிச்சமாவது சுமார் 1,435 ரூபாய்தான். மாதக்கணக்கில் ஷெட்டில் நிற்கும் காருக்கு அந்த மிச்சத்தை நான் பரிந்துரைக்கமாட்டேன். குழாய் பெரும்பாலும் உள்ளிருந்துதான் துருப்பிடிக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. இன்ஜினும் குழாயும் நன்றாகச் சூடேறினால் அது நீராவியாக வெளியே போய்விடும். வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்டார்ட் செய்து அணைத்துவிட்டால், அத்தனையும் அமிலம் கலந்த ஈரமாகச் சைலன்சரின் அடியில் தேங்கி நிற்கும். அக்கறையோடு செய்வதாக நினைக்கும் இந்தப் பழக்கமே பல சைலன்சர்களை அரித்துத் தின்றிருக்கிறது. ஸ்டார்ட் செய்தால் இருபது, முப்பது நிமிடமாவது சாலையில் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள்.

துருப்பிடிக்காத எஃகில் மூன்று ரகங்களின் எண்களை நினைவில் வைத்துக்கொள்வது அவசியம். 304 ரகத்தில் ஏறத்தாழ 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் உண்டு. கடற்கரை ஊர்களுக்கு இதுவே ஏற்றது. 409 ரகத்தில் 11 விழுக்காட்டை ஒட்டிய குரோமியம் மட்டுமே உண்டு. கார் நிறுவனங்கள் பெருமளவில் பயன்படுத்தும் புகைக்குழாய் எஃகு இது. மேலே பழுப்பேறினாலும் நீடித்து உழைக்கும். 202 ரகத்தில் நிக்கலின் பெரும்பகுதிக்குப் பதிலாக மாங்கனீசு சேர்க்கப்படுகிறது. மாடிப்படிக் கைப்பிடிக்கு விற்கப்படும் பளபளப்பான குழாய்களில் பெரும்பாலானவை இந்த ரகமே. புகைக்குழாயின் சூட்டுக்கும் அமில ஈரத்துக்கும் இது ஏற்றதன்று.

பணம் வீணாகும் இடம் இங்கேதான். 202 குழாயை 304 என்று சொல்லி விற்பது கடைத்தெருவில் புதிதன்று. காந்தத்தை ஒட்டிப் பார்த்துக் கண்டுபிடிக்கலாம் என்பது தவறான நம்பிக்கை; 202, 304 இரண்டிலுமே காந்தம் ஒட்டாது. மாறாக, நேர்மையான 409 குழாயில் காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆகவே காந்தச் சோதனையை நம்புபவர் நல்லதை ஒதுக்கிவிட்டு மட்டமானதை வாங்கிவரக் கூடும். ரகத்தைக் காட்டும் துளிச்சோதனைத் திரவம் எஸ்.எஸ். கடைகளிலேயே இருக்கும், கண்முன்னே ஒரு சொட்டு விட்டுக் காட்டச் சொல்லுங்கள், பில்லில் ரகத்தின் எண்ணை எழுதி வாங்குங்கள். கிலோவுக்கு 100 ரூபாய் வேறுபாடு என்றே வைத்துக்கொண்டாலும், 5.5 கிலோவுக்கு 550 ரூபாய்தான். இருபதாயிரம் ரூபாய் வேலையை அந்தத் தொகைக்காகப் பணயம் வைக்க வேண்டுமா?

எஸ்.எஸ். குழாய் சூட்டில் கூடுதலாக நீளும் என்பதையும் பட்டறைக்காரரிடம் பேசிவிடுங்கள். சராசரியாக 200 பாகை செல்சியஸ் சூடேறினால், 3 மீட்டர் நீளமுள்ள 304 குழாய் ஏறத்தாழ 10 மி.மீ. நீளும், அதே நீளமுள்ள எம்.எஸ். குழாய் 7 மி.மீ. நீளும். தொங்கு பிடிகளை அசையாதபடி சேசிஸோடு வெல்டிங் செய்துவிட்டால், அந்த 10 மி.மீ. போக இடமில்லாமல் மேனிஃபோல்டு இணைப்பில்தான் விரிசல் விழும்.

குழாய் வாங்கும்போது அளவில் ஏன் தவறு நேர்கிறது?

கடையில் "ஒன்றரை இஞ்ச் குழாய்" என்று கேட்டால் இரண்டு வெவ்வேறு பொருள்கள் கைக்கு வரலாம். ட்யூப் கணக்கில் ஒன்றரை இஞ்ச் என்பது வெளிவிட்டம், அதாவது 38.1 மி.மீ. தண்ணீர்க் குழாய்களுக்குரிய பெயரளவுக் கணக்கில் அதே ஒன்றரை இஞ்ச் குழாயின் வெளிவிட்டம் 48.3 மி.மீ. இரண்டுக்கும் இடையே ஒரு சென்டிமீட்டர் வேறுபாடு. எனவே இஞ்ச் கணக்கை விட்டுவிட்டு, வெளிவிட்டத்தையும் சுவர்த் தடிமனையும் மி.மீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள்; பழைய குழாயைத் துருவைத் தேய்த்து எடுத்தபின் காலிபரால் அளந்தால் போதும்.

பெரிய குழாய் போட்டால் வண்டி இன்னும் நன்றாக இழுக்கும் என்கிறார்களே?

நம் கார்களுக்கு அந்த அறிவுரை பொருந்தாது. அம்பாசிடரின் 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜினின் திறன் 50 குதிரைத்திறனை ஒட்டியது; பத்மினியின் 1089 சி.சி. இன்ஜின் 40 குதிரைத்திறனை ஒட்டியது. இரண்டுமே குறைந்த சுற்றில் இழுத்துப் போகும்படி வடிவமைக்கப்பட்டவை. 38 மி.மீ. குழாயை எடுத்துவிட்டு 51 மி.மீ. குழாயைப் போட்டால் புகை செல்லும் பரப்பு ஏறத்தாழ 1.85 மடங்காகிறது, குழாயில் வாயுவின் வேகம் அந்த அளவுக்குக் குறைகிறது. விளைவாக, மேட்டில் மூன்றாவது கியரில் ஏறும்போது கிடைத்துக்கொண்டிருந்த இழுவை மங்கிப்போகிறது, சத்தம் மட்டும் கூடுகிறது. குழாயின் எடையும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஏறுகிறது. பின்அச்சுக்கு மேலே இடமும் நெருக்கடியாகிறது. தொழிற்சாலை கொடுத்த விட்டத்தையே வைத்துக்கொண்டு, நசுங்காத வளைவுகளுக்குப் பணம் செலவழிப்பதுதான் இன்ஜினுக்குச் செய்யும் உண்மையான உதவி.

மேனிஃபோல்டை எடுத்துவிட்டு ஹெடர் (தனித்தனிக் குழாய்களை ஓரிடத்தில் கூட்டும் அமைப்பு) செய்து போடுவது எவ்வளவு செலவு பிடிக்கும்?

மற்ற எல்லா வேலையையும் சேர்த்த கூலியைவிட இது ஒன்றுக்கே கூடுதலாகலாம். 8 முதல் 10 மி.மீ. தடிமனுள்ள தகட்டில் துளைகள் துல்லியமாக வெட்டிய ஃபிளாஞ்ச் வேண்டும்; ஒவ்வொரு குழாயும் ஸ்டீயரிங் தண்டு, ஸ்டார்ட்டர் மோட்டார் போன்றவற்றில் படாமல் வளைந்து வந்து ஓரிடத்தில் கூட வேண்டும்; வெல்டிங் சூட்டில் ஃபிளாஞ்ச் கோணிக்கொள்ளாமலிருக்க, அதைத் தடித்த தகட்டில் போல்ட் போட்டு இறுக்கிய நிலையிலேயே இணைக்க வேண்டும்.

அம்பாசிடரின் பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) வகை இன்ஜினில் இன்னொரு செய்தியும் உண்டு. அதன் சிலிண்டர் தலையில் நடுவிலுள்ள இரண்டு சிலிண்டர்களுக்கும் சேர்த்து ஒரே புகைத்துளைதான். அதனால் நான்கு சிலிண்டர் இருந்தும் ஹெடருக்கு மூன்று குழாய்களே வரும். இதை அறியாமல் நான்கு குழாய்க் கணக்கில் தொகை சொல்லும் பட்டறைக்கு அந்த இன்ஜினில் பழக்கமில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். ஹெடர் போட்டபின் கார்புரேட்டரின் ஜெட்டையும் (பெட்ரோல் வரும் அளவைக் கட்டுப்படுத்தும் துளையையும்) சரிசெய்ய வேண்டியிருக்கும்; அந்தச் செலவு தனி. பந்தயத்துக்குத் தயாராகும் காரைத் தவிர வேறெதற்கும் இதை நான் பரிந்துரைப்பதில்லை.

தொகை சொல்லி வேலையைத் தொடங்கியபின் கூடுதல் செலவு எங்கிருந்து வருகிறது?

பெரும்பாலும் மேனிஃபோல்டு ஸ்டட்டிலிருந்து (மேனிஃபோல்டை இன்ஜினோடு பிடித்திருக்கும் மரைத்தண்டிலிருந்து). நாற்பது ஐம்பது ஆண்டு சூட்டில் வெந்த ஸ்டட், ஸ்பேனர் வைத்ததும் முறிந்துவிடும். முறிந்ததைத் துளைபோட்டு எடுத்து, மரையைச் சீராக்கிப் புது ஸ்டட் போடுவதற்கு அரை நாள் ஆகலாம். புது ஸ்டட்டுக்குப் பித்தளை நட்டு கேட்டு வாங்குங்கள்; அடுத்த முறை அது துருவால் இறுகாது.

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டில் விரிசல் இருந்தால், அதைச் சீராக முன்சூடேற்றி, நிக்கல் கம்பியால் வெல்டிங் செய்து, சாம்பலிலோ மணலிலோ புதைத்து மெல்ல ஆறவிட வேண்டும். சூடேற்றாமல் செய்த வெல்டிங் பக்கத்திலேயே வேறொரு விரிசலைத் திறந்துவிடும். ஆறியபின் தலையோடு பொருந்தும் முகத்தை லேத்திலோ கிரைண்டிங் இயந்திரத்திலோ சமன்செய்யவும் வேண்டும்; முகம் கோணலாயிருந்தால் எந்தக் கேஸ்கெட்டும் நிற்காது. ஒரு பாதுகாப்புச் செய்தி: அந்தக் காலத்துக் கேஸ்கெட்டுகளில் கல்நார் கலந்திருக்கும். அதை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசி கிளப்பக்கூடாது. நனைத்து, முகமூடி அணிந்து எடுக்கச் சொல்லுங்கள்.

எந்தச் சைலன்சர் போடுவது?

உள்ளே தடுப்புத் தகடுகளும் அறைகளும் கொண்ட பழைய வகையே இந்தக் கார்களுக்குப் பொருத்தம். துளையிட்ட நேர்க்குழாயைச் சுற்றிக் கண்ணாடி இழை நிரப்பிய வகை விலையில் ஒத்திருந்தாலும், இழை நாளடைவில் எரிந்து கரைவதால் சத்தம் ஏறிக்கொண்டே போகும். மறுபடி பிரித்து நிரப்பும் செலவும் வரும்.

சட்டப்படி என்ன கவனிக்க வேண்டும்?

மத்திய மோட்டார் வாகன விதிகளின் 120ஆம் விதி, ஒவ்வொரு மோட்டார் வாகனத்திலும் சத்தத்தை இயன்றவரை குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. 112ஆம் விதியின்படி புகை கீழ்நோக்கியோ இடப்பக்கமோ வெளியேறக்கூடாது. பின்னாலோ வலப்பக்கமோதான் போக வேண்டும். ஆகவே பின்சக்கரத்துக்கு முன்னால் இடப்பக்கமாக வாய்திறக்கும் அழகுக் குழாய்க்கு இடமில்லை. 113ஆம் விதி, புகைக்குழாய்க்கும் பெட்ரோல் குழாய்க்கும் இடையே குறைந்தது 35 மி.மீ. இடைவெளி கேட்கிறது. சத்தம், காற்று மாசு தொடர்பான தரங்களை மீறி வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினால், 2019 திருத்தத்துக்குப் பின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவின்கீழ் முதல் முறையே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். மூன்று மாதம் ஓட்டுநர் உரிமத் தகுதியிழப்பும் உண்டு. சைலன்சரை எடுத்துவிட்டால் இவ்வளவு மிச்சமாகும் என்று யாராவது கணக்குச் சொன்னால் இந்தத் தொகையையும் அதில் சேர்த்துப் பாருங்கள்.

மாசுச் சான்றிதழுக்கு, பாரத் ஸ்டேஜ் 2 மாசுத் தரத்துக்கு முந்தைய நான்கு சக்கரப் பெட்ரோல் வண்டிகளில் ஐடிலிங் நிலையில் (வண்டி நிற்க, இன்ஜின் மட்டும் மெல்ல ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 3 விழுக்காட்டையும் ஹைட்ரோகார்பன் 1,500 பி.பி.எம். அளவையும் தாண்டக்கூடாது. குழாயில் கசிவு இருந்தால் வெளிக்காற்று உள்ளே கலந்து அளவீடே பொய்யாகிவிடும்.

ஐம்பது ஆண்டைத் தாண்டிய காரை வின்டேஜ் வாகனமாகப் பதிவுசெய்ய நினைக்கிறேன். புதுப் புகைக்குழாய் அதற்குத் தடையாகுமா?

2021 ஜூலையில் வெளியான விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்து, மூல வடிவத்தில் பேணப்பட்டு, சேசிஸ், உடற்கூடு, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றமேதும் செய்யப்படாத வாகனத்தையே வின்டேஜ் என்று ஏற்கின்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். தேய்ந்துபோன புகைக்குழாயை அதே பாதையில், அதே விட்டத்தில் புதுப்பிப்பது பராமரிப்பு வேலையே. இரட்டைக் குழாய்க்காகச் சேசிஸில் துளையிடுவதும், உடலின் பின்தகட்டை வெட்டுவதும் வேறு. இத்தகைய எண்ணம் உள்ளவர்கள் வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களையும் பில்லையும் பத்திரப்படுத்தி வையுங்கள். வின்டேஜாகப் பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ சாலையில் ஓட்ட முடியாது என்பதையும் முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

கையில் பணம் குறைவு. எதை முதலில் செய்வது?

ஆட்கள் உட்காரும் பகுதிக்கு முன்னால் கசிவு இருந்தால் அதைத் தள்ளிப்போடவே கூடாது. புகையிலுள்ள நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. பழைய கார்களின் தரைத்தகட்டில் துரு ஓட்டைகள் இருப்பது இயல்பு என்பதால் வாயு நேரே உள்ளே ஏறிவிடும். மேனிஃபோல்டு இணைப்பையும் டவுன் பைப்பையும் (மேனிஃபோல்டிலிருந்து கீழே இறங்கும் குழாயையும்) முதலில் நல்ல தரத்தில் செய்துவிட்டு, அங்கே ஒரு ஃபிளாஞ்ச் வைத்துப் பிரித்துவிடச் சொல்லுங்கள். சைலன்சரையும் வால்குழாயையும் ஆயத்தப் பொருளாகப் போட்டுக்கொண்டு பின்னர் மாற்றலாம். ஒரே நீளமாக வெல்டிங் செய்த குழாய் இன்று சற்று மலிவாக முடிந்தாலும், சைலன்சர் மட்டும் பழுதாகும் நாளில் எல்லாவற்றையும் அறுக்க வேண்டிவரும்.

பட்டறையில் எதையெல்லாம் எழுதி வாங்குவது?

பல பட்டறைகளில் முழுப் புகைக்குழாயையும் சைலன்சர் என்றே சொல்வதால், "சைலன்சர் வேலை" என்று மட்டும் எழுதிய தொகைச்சீட்டில் எது அடங்கும், எது அடங்காது என்பது பின்னால் வாக்குவாதமாகிறது. குழாயின் ரகம், வெளிவிட்டம், தடிமன், பெண்டுகளின் எண்ணிக்கை, சைலன்சர் பெட்டியின் வகை, கேஸ்கெட்டும் ரப்பரும் புதியவையா, ஸ்டட் முறிந்தால் ஒன்றுக்கு எவ்வளவு என்பவற்றைத் தனித்தனி வரியாகக் கேளுங்கள். எஸ்.எஸ். என்றால், ஆர்கான் வெல்டிங்கின்போது குழாயின் உள்ளேயும் ஆர்கான் செலுத்துவார்களா என்று கேளுங்கள். செலுத்தாவிட்டால் இணைப்பின் உட்புறம் கருகிப் பொரிந்து, அங்கிருந்துதான் முதலில் அரிக்கும். இதற்கு வாயுச் செலவு கூடும். கூடுதல் கேட்டால் அது நியாயமே. வரியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்களுக்கும் 18 விழுக்காடு என்பதால், இன்னும் 28 விழுக்காடு போட்டு யாராவது பில் கொடுத்தால் திருத்திக் கேளுங்கள்.

வெல்டிங் செய்யும்போது காருக்கு ஆபத்து உண்டா?

உண்டு. பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். காரில் வைத்துப் புள்ளி வெல்டிங் மட்டும் செய்து, குழாயைக் கழற்றிக் கீழே வைத்தே முழு வெல்டிங் செய்ய வேண்டும். பெட்ரோல் டேங்கின் அருகே சுடரோ பொறியோ பறக்க விடவே கூடாது. தீயணைப்பான் இல்லாத பட்டறையில், எவ்வளவு மலிவாகச் சொன்னாலும், வண்டியை விடாதீர்கள்.

வண்டியைத் திரும்ப எடுக்கும்போது எதைச் சோதிப்பது?

இன்ஜின் குளிர்ந்திருக்கும்போதே ஸ்டார்ட் செய்யச் சொல்லி, ஈரத்துணியைச் சுருட்டி வால்குழாயின் வாயை ஒரு சில நொடி அழுத்திப் பிடியுங்கள். இணைப்புகள் சரியாக இருந்தால் இன்ஜின் திணறும். கசிவு இருந்தால் அந்த இடத்திலிருந்து சீறும் ஒலி கேட்கும். பின்னிருக்கையில் இருவரை உட்கார வைத்து ஒரு வேகத்தடையைத் தாண்டிப் பாருங்கள். பின்அச்சு மேலெழும்போது குழாயில் இடிக்கிறதா என்பது ஆளில்லாத காரில் தெரியாது. ஓட்டி வந்தபின் காரின் அடியில் பார்த்து, தொங்கு ரப்பர்கள் எந்தப் பக்கமும் இழுபடாமல் நேராகத் தொங்குகின்றனவா என்று கவனியுங்கள். புதுக் கேஸ்கெட் முதல் சில சூட்டில் சற்று அமுங்கும். ஆகவே 200, 300 கிலோமீட்டர் ஓடியபின், இன்ஜின் ஆறிய நிலையில், மேனிஃபோல்டு நட்டுகளையும் கிளாம்புகளையும் மறுபடி இறுக்கித் தருவது கூலியில் அடங்குமா என்று வண்டியை எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். இணைப்பின் ஓரத்தில் கரிக்கோடு படிந்திருந்தால் அங்கே புகை கசிகிறது என்று பொருள். அந்தக் கேஸ்கெட்டை மாற்றச் சொல்லுங்கள்.